மார்சியஸின் நாயனம்

டாக்டர் கஸ்தூரிரங்கன் வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல் செய்து கொடுக்கப் போன பவளம், மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்ததும் கையில் இருந்த தாம்பாளத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஆள் உயரப் படம். ஒரு மரத்தில் ஒருவனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொருவன் குனிந்து, கத்தியால் அவன் நெஞ்சில் கீறித் தோலை உரித்துக்கொண்டிருந்தான். ஆட்டை உரிக்கிற நிதானம். மரத்தடியில் ஒரு குழல் கிடந்தது. ஓரமாக, தலையில் இலைகளைச் சூடிய ஓர் அழகான வாலிபன் ஏதோ நரம்பு வாத்தியத்தை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. பவளத்தை நிறுத்தி வைத்தது அதுதான்.

"பயந்துட்டியா?" என்றபடி டாக்டரின் மனைவி ஸ்வர்ணா கீழே இருந்து ஏறி வந்தாள். "இத்தாலி போனப்போ வாங்கினார். ஹால்ல மாட்டப்படாதுன்னு நான் சண்டை போட்டேன். இங்க கொண்டு வந்து மாட்டிட்டார்."

"யாரு மாமி இது, தொங்குதவன்?"

"மார்சியஸ்னு பேர். கிரேக்கக் கதை. ஒரு தேவதை இருந்தா, நம்ம சரஸ்வதி மாதிரின்னு வெச்சுக்கோயேன். அவதான் முதல்ல அந்தக் குழலைப் பண்ணினா. ஊதறச்சே கன்னம் உப்பித்தாம். மத்தவால்லாம் சிரிச்சாளாம். குளத்துல தன் முகத்தைப் பாத்துட்டு, ச்சீன்னு தூக்கி எறிஞ்சுட்டா. இதை எடுக்கறவன் நன்னா இருக்க மாட்டான்னு சாபம் வேற."

"அதை இவன் எடுத்தானாக்கும்."

"காட்டுல திரியறவன். அவனுக்கென்ன தெரியும்? எடுத்தான், ஊதினான். காடே நின்னு கேட்டுது. அப்புறம் அவனுக்குத் தலை கனத்துப் போச்சு. அதோ உக்காந்திருக்கான் பாரு, அப்பல்லோ, அவன் சங்கீதத்துக்கே தெய்வம். அவனைவிட நான் நன்னா வாசிப்பேன்னுட்டான். ரெண்டு பேரும் போட்டி போட்டா. ஜெயிச்சவன் தோத்தவனை என்ன வேணா பண்ணிக்கலாம்னு பேச்சு."

பவளம் மறுபடி படத்தைப் பார்த்தாள். "குழல் ஊதத் தெரிஞ்சதுக்கா தோலை உரிச்சாங்க?"

"அப்படித்தான் கதை. அழுதவா கண்ணீரெல்லாம் ஆறா ஓடித்தாம். அந்த ஆத்துக்கும் மார்சியஸ்னுதான் பேர்."

"அவன் பொண்டாட்டி என்ன ஆனா மாமி?"

ஸ்வர்ணா கொஞ்சம் யோசித்தாள். "கதையில அவனுக்குப் பொண்டாட்டி கிடையாது," என்றாள்.

அன்று மாலை வீடு திரும்பியதும் பவளம் தன் புருஷனிடம் இந்தக் கதையைச் சொன்னாள். குமாரசாமி நாயனத்தின் ஊதுவாயான சீவாளியைத் தண்ணீரில் நனைத்து, நுனியை விரலால் நீவிக்கொண்டிருந்தான். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "கன்னம் உப்புதுன்னு தூக்கிப் போட்டாளா? நல்ல தேவதை," என்றான். அவன் கன்னமும் உப்பும். தோடி ராகத்தில் மேலே ஏறும்போது இரண்டு பக்கமும் பந்து வைத்தது போல் ஆகிவிடும்.

குமாரசாமி சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஏழு தலைமுறையாக நாயனம். ஹூஸ்டனுக்குத் தெற்கே, பேர்லேண்டைத் தாண்டி இருபது மைலில், மாடு மேயும் புல்வெளிகளுக்கு நடுவே நிற்கும் அகிலாண்டேஸ்வரி அம்மன் கோவிலுக்கு வித்வானாக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோவில் விசா. முப்பது மாதம் முடிந்ததும் கோவில்காரர்கள் எழுதிக் கொடுத்தால் நீட்டிப்பார்கள். எழுதிக் கொடுக்க வேண்டியவர் கமிட்டித் தலைவர் டாக்டர் கஸ்தூரிரங்கன். புருஷனும் பெண்டாட்டியும் கோவிலுக்குப் பின்னால் இருந்த பணியாளர் வீட்டில் குடியிருந்தார்கள். ஒரே மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள்.

டாக்டர் இருதய அறுவைச் சிகிச்சை நிபுணர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்தக் கோவிலை இடம் வாங்கிக் கட்டியதே அவர்தான் என்று சொல்வார்கள். வீணை வாசிப்பார். நன்றாகவே வாசிப்பார், பவளமே கேட்டிருக்கிறாள். வருஷத்தில் இரண்டு முறை கோவில் மண்டபத்தில் அவர் கச்சேரி நடக்கும்.

அந்த ஆவணி மாதக் கச்சேரியில்தான் வினை ஆரம்பித்தது. கச்சேரி நடந்த சனிக்கிழமை, அதே நேரத்தில் அம்மன் வெளிப்பிராகாரம் சுற்றி வந்தாள். குமாரசாமி முன்னால் நடந்தபடி, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி எடுத்தான். தவில் மயில்சாமி. மண்டபத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் எழுந்தார். பிறகு ஒரு வரிசையே எழுந்தது. டாக்டர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது முன்னால் ஸ்வர்ணாவும் நாலைந்து பேரும்தான் இருந்தார்கள்.

மறுநாள் மடப்பள்ளியில் இட்லி சாப்பிடும்போது, யாரோ இதைச் சொல்லிச் சிரிக்க, குமாரசாமியும் வாயைத் திறந்துவிட்டான். "வீணை நல்ல வாத்தியந்தான். ஆனா அது உக்காந்து கேக்குதவங்களுக்கு. நாயனம்னா எந்திரிச்சு வரணும்லா. சரஸ்வதியே வந்து வாசிச்சாலும் என் தோடிக்குப் பக்கத்துல நிக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

பத்துப் பேர் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மயில்சாமி மட்டும், "அண்ணா, இந்தப் பேச்செல்லாம் நமக்கெதுக்குங்க?" என்று மெதுவாகச் சொன்னான்.

அது டாக்டர் காதுக்குப் போகாமல் இருக்குமா? கொலு ஆரம்பித்த மூன்றாம் நாள், அவர் தாமே பணியாளர் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பவளம் கொடுத்த காபியை வாங்கிக்கொண்டார்.

"குமாரசாமி, விஜயதசமி அன்னிக்கு நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கலாம்னு பாக்கறேன். வீணையும் நாயனமும். டல்லாஸ்லேர்ந்து ரெண்டு பெரிய சங்கீத டீச்சர்ஸ் வரா. அவாளும் ஸ்வர்ணாவும் ஜட்ஜ். ஒரு ஃபன்னா இருக்கும். ஜெயிச்சவர் கேக்கறதைத் தோத்தவர் தரணும்."

"எங்கிட்ட என்ன டாக்டர் இருக்கு, நீங்க கேக்க?" என்று குமாரசாமி சிரித்தான்.

"அதை அப்புறம் பாத்துக்கலாமே."

பவளம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை. அவர் போன பிறகு, "வேண்டாம்னு சொல்லிருங்க," என்றாள். "உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. உதடு வெடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

"கதை கேட்டுட்டு வந்து பயமுறுத்துதியே ஏளா. அவரு டாக்டரு. நம்மள என்ன செய்யப் போறாரு?"

விஜயதசமி அன்று மண்டபம் நிரம்பி, சுவரோரமெல்லாம் ஆள் நின்றது. கார் நிறுத்த இடமில்லாமல் புல்வெளியில் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். தோடிதான் என்று முன்பே பேச்சு. டாக்டர் முதலில் வாசித்தார். ஒவ்வொரு ஸ்வரமும் துடைத்து வைத்த விளக்குப் போல இருந்தது. பிறகு குமாரசாமி எடுத்தான். அவன் முக்கால் மணி நேரம் வாசித்தான். மேல் ஷட்ஜத்தில் நின்றபோது ஒரு குழந்தைகூட அழவில்லை. டல்லாஸிலிருந்து வந்த அம்மாக்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பவளம் பார்த்தாள். ஜெயித்தாயிற்று என்று அவளுக்கே தோன்றியது. கை தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

டாக்டரும் கை தட்டினார். பிறகு மைக்கை வாங்கினார். "பிரமாதம். இதுல யார் உசத்தின்னு சொல்றது கஷ்டம். அதனால இன்னொரு சுற்று. வாசிச்சிண்டே பாடணும். ரெண்டு பேருக்கும் ஒரே ரூல்."

வீணையை மீட்டிக்கொண்டே அவர் பாடினார். மெல்லிய, சுத்தமான குரல். நாலு அடி பாடிவிட்டு, குமாரசாமி பக்கம் கையைக் காட்டினார்.

குமாரசாமி நாயனத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "டாக்டர், நாயனம் வாயிலல்லா இருக்கு. எப்படிப் பாட?"

சபை சிரித்தது. டாக்டரும் சிரித்தார். "அது என் தப்பில்லையே, குமாரசாமி. வாத்தியத்தோட குறை."

மூன்று பேரில் இரண்டு பேர் வீணைக்கு எழுதிக் கொடுத்தார்கள். குமாரசாமி எழுந்து போய் டாக்டருக்குச் சால்வை போட்டான். அவன் முகம் சிவந்திருந்தது, ஆனாலும் சிரித்தான். பவளம் மட்டும், இனி வரப் போகிறது என்ன என்று காத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து வந்தது. டாக்டர் கேட்டது மிகச் சின்ன விஷயம். ஹூஸ்டனில் அவருக்குத் தெரிந்த ஸ்டுடியோ ஒன்றில் மூன்று நாள் உட்கார்ந்து குமாரசாமி வாசிக்க வேண்டும். திருப்பள்ளியெழுச்சியிலிருந்து பள்ளியறை வரைக்கும் எல்லாம் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

"இதுக்குப் போயி பயந்தியே," என்றான் குமாரசாமி. மயில்சாமிகூட, "நல்லதுதானுங்க அண்ணா," என்றான்.

பவளத்துக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு நான்கு நாள்தான் நிலைத்தது. பேர்லேண்டில் காய்கறிக் கடை வாசலில், பைகளைக் காரில் வைத்துக்கொண்டிருந்தவளிடம் ஸ்வர்ணா வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

"நான் உன் ஆத்துக்காரருக்குத்தான் எழுதினேன். அது உனக்குத் தெரியணும்."

"தெரியும் மாமி."

"ரெக்கார்டிங்குக்குப் போக வேண்டாம்னு சொல்லு. இதுக்கு மேல என்னைக் கேக்காதே." சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். வண்டி காலியாக இருந்தது.

பவளம் அதை அப்படியே வந்து சொன்னாள். குமாரசாமி இந்த முறை சிரிக்கவில்லை. காரைக் கழுவிக்கொண்டிருந்தவன், குழாயை மூடிவிட்டு வந்து படியில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியாமலா இருக்கு? பதிஞ்சு வச்சிட்டா அப்புறம் நான் எதுக்கு? ஸ்பீக்கர் போதும்லா."

"தெரிஞ்சுமா போறீங்க?"

"அம்மன் முன்னால ஒத்துக்கிட்டாச்சு பவளம்." கொஞ்ச நேரம் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொண்ணும் இருக்கு. நான் எட்டு வயசுல இருந்து வாசிக்கேன். கல்யாண வீட்டுல வாசிச்சா சாப்பிடப் போயிருவான். கோவில்ல வாசிச்சா பிரசாதத்துக்குப் போயிருவான். ஒருத்தனும் என்னை மூணு நாள் உக்கார வச்சு, வாசி நான் கேக்கேன்னு சொன்னதில்ல. இவரு சொல்லுதாரு. எதுக்குச் சொன்னா என்ன?"

பவளம் உள்ளே போய் அவனுக்குத் துண்டை எடுத்து வந்தாள்.

ஸ்டுடியோவில் அவளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில் குமாரசாமி தனியாக. தவில் கிடையாது, கூடவே சுருதி ஊதும் ஒத்து கிடையாது. முதல் நாள் ராகங்கள். அவன் சந்தோஷமாக வாசித்தான். இரண்டாம் நாள் கீர்த்தனங்கள். மூன்றாம் நாள்தான், இயந்திரத்தின் முன் இருந்த வெள்ளைக்காரப் பையன் ஒரு தாளைப் பார்த்துப் பார்த்து வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தான். ஷட்ஜம் மட்டும். இன்னொரு முறை. மெதுவாக. பலமாக. உதட்டை இறுக்கி. தளர்த்தி. அடுத்து ரிஷபம். அதிலும் அத்தனையும். இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே இழுக்கிற இழுப்பு. ஒவ்வொரு அசைவும். வரிசை வரிசையாகத் திரையில் பச்சைக் கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன.

"இது எதுக்கு?" என்று பவளம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள்.

இதை வைத்து எந்தப் பாட்டை வேண்டுமானாலும் கீபோர்டில் வாசிக்கலாம், கேட்பவர்களுக்கு அவரே வாசிப்பது போல இருக்கும் என்று அந்தப் பையன் மரியாதையாக விளக்கினான். ரொம்ப அழகான சத்தம் என்றும் சொன்னான்.

சாயங்காலம் நாலு மணிக்கு குமாரசாமியின் கீழுதடு பிளந்தது. சீவாளியில் ரத்தம் ஏறியது. துடைத்துவிட்டு, மிச்சம் இருந்த கடைசி ஸ்வரம் நிஷாதத்தையும் அத்தனை விதமாக வாசித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பவளத்துக்கு, கத்தி எங்கேயும் இல்லை, ஆனால் உரித்து முடித்தாயிற்று என்று தோன்றியது.

அதன் பிறகு அவன் வீட்டில் நாயனத்தைத் தொடவில்லை. கோவிலில் வாசித்தான், சத்தம் சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் கோவிலுக்குக் கிளம்புமுன் சீவாளியை நனைத்து வாயில் வைத்தவன், ஊதாமல் திரும்ப எடுத்துவிட்டான். "ஊதுனா நான் வாசிக்கல, நான் வாசிக்கிற மாதிரி இருக்கு," என்றான். அவன் சொன்னது அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

தை மாதம் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. அவர் சேவைக்குக் கோவில் என்றென்றும் நன்றியுள்ளது. நிர்வாகக் காரணங்களால் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க இயலவில்லை. கீழே டாக்டரின் கையெழுத்து. தெளிவான, அழகான கையெழுத்து. மாசி பிறந்ததும் ஸ்பீக்கர்கள் வந்தன. வேறு கோவிலில் வேலை தேடலாம் என்று மயில்சாமி நியூஜெர்சிக்கும் கலிஃபோர்னியாவுக்கும் ஃபோன் போட்டுப் பார்த்தான். எல்லாக் கோவிலிலும் ஆள் இருந்தார்கள், அல்லது ஸ்பீக்கர் இருந்தது.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் விமானம். திருக்கல்யாணம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று குமாரசாமிதான் சொன்னான். பெட்டிகளையெல்லாம் முதல் நாளே காரில் ஏற்றியாகிவிட்டது. கோவிலை முடித்துக்கொண்டு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. நாயனப் பெட்டியை அவனே பழைய போர்வையில் சுற்றி, டிக்கியில் மேலாக வைத்தான். சாவி பவளத்தின் கைப்பையில்.

கூட்டத்தோடு கூட்டமாக, தூண் ஓரம் நின்றார்கள். மேடையில் மயில்சாமி தவிலோடு தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குமாரசாமி உட்காரும் இடம் காலி. டாக்டர் பட்டு வேட்டியில், கையில் ஒரு டேப்லட்டோடு நின்றார். ஸ்பீக்கரில் குமாரசாமி வாசித்த கல்யாணி ராகம் வந்தது. அருமையான கல்யாணி. ஜனங்கள் தலையாட்டினார்கள். சிலர் குமாரசாமியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

குருக்கள் மாங்கல்யத்தைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் காட்டி ஆசி வாங்கி வந்தார். இரண்டு கையாலும் எடுத்து அம்மன் கழுத்தருகே கொண்டுபோனார். இன்னும் மந்திரம் முடியவில்லை. முடிச்சுக்கு விரலே போகவில்லை. அதற்குள் ஸ்பீக்கரில் கெட்டிமேள நாயனம் வெடித்துக் கிளம்பியது.

நாயனக்காரன் குருக்களின் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த விரல் மடங்குகிற கணத்துக்காகத்தான் அவன் மூச்சைப் பிடித்து வைத்திருப்பான். ஸ்பீக்கருக்குக் கண் ஏது? மயில்சாமி திடுக்கிட்டு, சேர்ந்துகொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு அடி அடித்து நிறுத்தினான். குருக்கள் பதறித் திரும்பினார். மாங்கல்யம் கை நழுவி, அம்மனின் பட்டில் சரிந்து, படியில் உருண்டு, கீழே போய் விழுந்தது.

மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஸ்பீக்கர் மட்டும் சந்தோஷமாக முழங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் டேப்லட்டை அமுக்கினார். நிற்கவில்லை. மறுபடி அமுக்கினார். அவர் விரல் நடுங்குவதைப் பவளம் முதன்முதலாகப் பார்த்தாள். கடைசியில் யாரோ ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்கள்.

"இது நல்லதுக்கில்லை," என்று ஒரு வயதான அம்மாள் சத்தமாகவே சொன்னாள்.

டாக்டர் மேடையிலிருந்து இறங்கி, கூட்டம் விலகி வழிவிட, நேராகத் தூணருகே வந்தார். "குமாரசாமி," என்றார். குரல் கம்மியிருந்தது. "நாயனம் கொண்டு வந்திருக்கேளா?"

குமாரசாமி அம்மனைப் பார்த்தான். வெறும் கழுத்தோடு நின்றாள். பவளத்தின் பக்கம் திரும்பி, "கார்ல இருக்கா?" என்று கேட்டான். அவன் கையால் வைத்தது. அவனுக்குத் தெரியாதது இல்லை. அவள் சொல்லட்டும் என்று விட்டான்.

"இல்லீங்க," என்றாள் பவளம். "நேத்தே பெட்டியெல்லாம் அனுப்பிட்டமே."

சொல்லிவிட்டுக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கூட்டத்தில் ஸ்வர்ணாவின் கண்கள் அவள் மேலேயே இருந்தன. குமாரசாமி ஒரு கணம் தாமதித்தான். பிறகு, "இல்ல டாக்டர்," என்றான்.

மாங்கல்யத்தைக் கழுவி, பரிகார மந்திரம் சொல்லி, அரை மணி நேரம் கழித்துக் கட்டினார்கள். மயில்சாமி தனியாகத் தவில் அடித்தான். நாயனம் இல்லாத கெட்டிமேளம் சாவு வீட்டுச் சத்தம் போலக் கேட்டது. அட்சதை போட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

கார் ஃப்ரீவேயில் ஏறிய பிறகு குமாரசாமி, "அம்மன் முன்னால பொய் சொல்லிட்டியே," என்றான். குரலில் கோபம் இல்லை. அவள் ஆமாம் என்று மட்டும் சொன்னாள். தன் கழுத்துத் தாலிச் சரடை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்புறம்தான் கவனித்தாள். விரல்களை விரிக்கப் பயமாக இருந்தது.

ஊருக்கு வந்து ஐந்து மாதம் கழித்து ஸ்வர்ணா ஃபோன் செய்தாள். நலம் விசாரித்தாள். குமாரசாமி வாசிக்கிறானா என்று கேட்டாள். கல்யாணங்களுக்குப் போகிறான், வாசிக்கிறான், ஆனால் தோடி எடுப்பதில்லை என்று பவளம் சொன்னாள்.

"இவருக்குக் கை நடுக்கம் நிக்கலை," என்றாள் ஸ்வர்ணா. "அன்னிக்கு ஆரம்பிச்சது. ஆபரேஷன் பண்றதை நிறுத்திட்டார். வீணையைத் தொடறதில்லை. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைங்கறா. அன்னிக்கு நாயனம் கிடைக்காம போனதே அம்மன் கோபம்னு இவர் நெனைச்சிண்டிருக்கார்."

பவளம் சந்தோஷம் வரும் என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை. பயம்தான் வந்தது.

"பவளம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நாயனம் கார்லதானே இருந்துது?"

உள்ளே குமாரசாமி பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது.

"ஆமா மாமி," என்றாள் பவளம். "கார்லதான் இருந்துச்சு."

ஸ்வர்ணா குரலைத் தாழ்த்தி, "அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "நீயும் யாருகிட்டயும் சொல்லாதே." ஃபோனை வைத்துவிட்டாள்.